புகை வராத காம்பரா

ஜனவரி 4, ஞாயிறு

அப்பாவும் அம்மாவும் ஹட்டனுக்கு, என் வாடகை அறைக்கு வந்து ஒரு வாரம். லயத்துக்குப் பின்னால் மண்மேடு வெடிப்பு விட்டுவிட்டது. அந்த வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா எங்களுடையது. “கொஞ்ச நாளைக்கு வெளியே இருங்க” என்றார் கிராம சேவகர். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு? அவரும் சொல்லவில்லை, மேடும் சொல்லவில்லை.

அண்ணன் கட்டாரில், நான் இங்கே பார்மசியில். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருவரும் தனியாக வாடுகிறார்கள் என்று இத்தனை காலம் கவலைப்பட்டேன். வீண். நான் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். இன்று அப்பா அம்மாவின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் போத்தலைத் தலையணைக்கடியில் ஒளித்தார். மூடி போடவில்லை. தலையணை என்னுடையது.

ஜனவரி 7, புதன்

அதே லயத்தில் நடுக் காம்பராவில் இருக்கும் ராக்காயி அக்கா அம்மாவுக்குப் போன் எடுத்தாள். தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கு எங்கள் கதவைத் தட்டிப் பார்த்தாராம். “மீனம்மாக்கா, ‘புகை வராத காம்பராவ சும்மா பூட்டி வைக்க ஏலாது, வேலை செய்ற குடும்பத்துக்குக் குடுக்கணும்’ன்னுட்டுப் போறாரு.”

அம்மா கொழுந்தெடுத்தே முதுகு வளைந்தவள். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டி ஓய்ந்தவர். வேலை செய்யும் குடும்பம் இல்லையாம்! காணி இல்லை, உறுதிப் பத்திரம் இல்லை. அவர்கள் அங்கே வாழ்ந்ததற்கு அடுப்புப் புகைதான் சாட்சி. மனு போடுவோம் என்றேன்.

“மனு போய்ச் சேர்றதுக்குள்ள எவனாச்சும் உள்ள சோறாக்கிருவான் புள்ள” என்றார் அப்பா.

ஜனவரி 8, வியாழன்

இருவரும் காலை பஸ்ஸில் போய், அடுப்பைப் பற்றவைத்து, பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். மேடு சரிந்தால்? “பகல்ல விழாது.” அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் விழும் போலிருக்கிறது.

ஜனவரி 12, திங்கள்

தினமும் பஸ்ஸில் நின்று நின்று அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. புகை போடும் உத்தியோகம் இனி ராக்காயி அக்காவுக்கு. சாவி ஏற்கெனவே அவளிடம்தான். “நல்லா தெரியிற மாதிரி போடு” என்று அப்பா போனில் கத்தினார்.

ஜனவரி 13, செவ்வாய்

போட்டாள். பச்சைக் கிளை, ஈரச் சாக்கு, எல்லாவற்றையும் அடுப்பில் திணித்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள். லயம் தீப்பிடித்தது என்று பாதித் தோட்டம் ஓடிவந்திருக்கிறது. பொடியன்கள் கதவை உடைத்து வாளி வாளியாக ஊற்றியதில் அடுப்பே கரைந்துவிட்டது.

கண்டாக்கும் வந்தாராம். “உள்ள யாரு?”

ராக்காயி அக்கா அசரவில்லை; அப்பா பெயரைச் சொன்னாள். “சிவசாமியண்ணன் குளிக்கிறாருங்கையா.”

புகை எப்படி வருகிறது என்று பார்க்கப் போயிருந்த அப்பா, சரியாக அந்த நேரம் பார்த்துக் குடையோடு கண்டாக்குக்குப் பின்னால் வந்து நின்று, “யாரு வீட்லங்கையா நெருப்பு?” என்றிருக்கிறார்.

பொங்கலுக்குள் சாமானை எடுத்துவிட வேண்டும் என்று கண்டாக்கு உத்தரவாம். அப்பா நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

ஜனவரி 15, வியாழன் — பொங்கல்

லீவு போட்டுவிட்டு நானும் போனேன். அம்மா உடைந்த கதவுக்கு முன்னால் மூன்று கல் வைத்துப் பானையை ஏற்றினாள். லயமே கூடிவிட்டது. கண்டாக்கு வரும்போது பால் பொங்கிக்கொண்டிருந்தது.

“பொங்குற வாசல்ல வந்து சாமானத் தூக்கச் சொல்வீங்களாங்கையா?” என்று ராக்காயி அக்கா வாழையிலையை நீட்டினாள். அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார். “சரி, மாசக் கடைசியில பாப்போம்.”

“பாக்க என்ன இருக்கு? இருக்கலாம்னு எழுதித் தாங்க” என்றேன்.

அம்மா என் காலை மிதித்தாள். வீங்கிய காலாலேயே.

ஜனவரி 25, ஞாயிறு

லயத்துக்கே திரும்பிப் போய்விட்டார்கள். யாரும் அனுமதி தரவில்லை. மேட்டுக்கு நீலப் பொலித்தீன் தாள் போர்த்தியிருக்கிறதாம், அதுதான் பாதுகாப்பு! செத்துப்போனா யார் பொறுப்பு — தோட்டமா, அரசாங்கமா, அந்தத் தாளா என்று கத்தினேன்.

அம்மா பையைக் கட்டிக்கொண்டே, “ஒன் ரூம்ல மூச்சு முட்டுது புள்ள. ஒங்கப்பாவும் நானும் நிம்மதியா ஒரு வார்த்தை பேச முடியல” என்றாள்.

பெப்ரவரி 1, ஞாயிறு

மாசக் கடைசி முடிந்துவிட்டது. என்ன ஆனதோ என்று பாணும் பருப்பும் வாங்கிக்கொண்டு ஓடினேன். கதவில் புதுப் பூட்டு! இழுத்து ஆட்டிப் பார்த்தேன்.

ராக்காயி அக்கா சாவியோடு வந்தாள். “பயந்துட்டியா? ரெண்டு பேரும் பௌர்ணமிப் போயாவுக்குச் சாமி கும்பிட மலையேற நல்லதண்ணிக்குப் போயிட்டாங்க பூரணி. புதுசா கட்டுன ஜோடி மாதிரி போறாங்க. ஒங்கிட்ட சொல்லலையா?”

இல்லை.

“இன்னைக்கு நான் புகை போட வேணாமாம். ‘ஞாயித்துக்கெழம, எம்மக வருவா’ன்னு ஒங்கம்மா சொல்லிச்சி.”

வீங்கிய காலோடு மலையேறப் போயிருக்கிறாள்!

உள்ளே அம்மா புதிதாகப் போட்ட அடுப்பு. விறகு ஈரம். திட்டிக்கொண்டே பற்றவைத்தேன் — அம்மாவை, அப்பாவை, கண்டாக்கை, தோட்டத்தை, சட்டத்தை. கண் எரிந்தது. அப்போது வாசலில் சப்பாத்துச் சத்தம்.

“உள்ள யாரு?”

“ஆள் இருக்கு” என்றேன். கதவைத் திறக்கவில்லை. ஊதுகுழலை எடுத்து இன்னும் பலமாக ஊதினேன்.