ஸ்டேஷனை விட்டு நகர்ந்த கப்பல்

என் பாசமுள்ள அண்ணனுக்கு,

நீ போன பிறகு, அதுவும் நாலு பேர் படிக்கிற பத்திரிகையில், எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நீ இருந்தபோதே உன் முகம் பார்த்துப் பேசக் கூச்சப்பட்டவள் நான்.

உன் உயிர் போன விபத்தைப் பற்றி உன் பம்பாய்க் கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. ராஜபாளையத்து மில்லிலிருந்து அப்போதுதான் வந்த அம்மா, "வாசிட்டி" என்றாள். 'சரக்கு இறக்கும்போது கப்பல் ஸ்டேஷனை விட்டு நகர்ந்தது' என்று தமிழில் சொன்னேன்.

"ஸ்டேஷனா? போலீசுக்குப் போற அளவுக்கு எம்பிள்ள என்ன செஞ்சான்?" அம்மா பதறிவிட்டாள்.

"கப்பலுக்கு ஏதுட்டி ஸ்டேஷன்? டிகிரி படிச்சவ வாசிக்கிற லெச்சணமா இது?" என்றாள் எதிர்வீட்டு அத்தை.

எனக்கும் விளங்கவில்லை. உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்த பிறகே புரிந்தது. கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைக்குப் பக்கத்தில், கப்பல் விலகாமல் நிற்க வேண்டிய இடம்தான் ஸ்டேஷன். கிரேன் குழாய்களைத் தூக்கத் தூக்கக் கப்பல் லேசாகி உயரும், சாயும். காற்று கூடுதலாகத் தள்ளும். இஞ்சினை ஓட்டி ஓட்டித்தான் அதே இடத்தில் பிடித்து நிறுத்த வேண்டும்.

கடைசியாக எழுதியிருந்தாய்: "கப்பல் தொட்டித் தண்ணியையும் மேடைக்குப் பம்ப் பண்ணுதாங்க, கிரேனும் தூக்குது. ரெண்டும் ஒண்ணா வேண்டாம், கப்பல் நிக்க மாட்டேங்குன்னு கேப்டன் சொல்லியும் மேடையில இருக்கவங்க கேக்க மாட்டேங்காங்க."

அப்படி நகர்ந்தபோதுதானே கிரேனில் தொங்கிய குழாய்க்கட்டு ஆடி உன்மேல் மோதியது? கம்பெனியோ, நீ ஒதுங்கி நிற்காதது கவனக்குறைவு என்கிறது. நீயா? சைக்கிளைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவனா?

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லும்மா, நான் என்ன கடிச்சா திங்கப்போறேன்?" என்றார். அந்தக் கடைசிக் கடிதத்தைப் படித்ததும், "இது போதும். ஆனா நஷ்டஈட்டு விசாரணையில, மனுப் போடுற உங்கம்மா முன்னால, முழுசா வாசிக்கணும்" என்றார்.

வாசிப்பேன் அண்ணே. சத்தமாகவே வாசிப்பேன். உன் பேரில் அந்தப் பழி நிற்க விடமாட்டேன்.

ஆனால் அந்தக் கடிதத்தின் அடியில் இரண்டு வரி இருக்கிறதே. "தெனமும் பயமா இருக்கு. அம்மாட்ட மட்டும் சொல்லிராத." கடிதம் வந்த அன்றைக்கு அதை விழுங்கிவிட்டு, "அண்ணன் நல்லா இருக்கானாம்" என்று வாசித்தேன். எம்பிள்ளைக்குப் பயமே கிடையாது என்று அம்மா இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று நான் கொடுத்த அந்த ஒரு வாக்கை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடு, அண்ணே.

உன் கூடப்பிறந்த தங்கை