வேகத் திருகைத் தொட்டவர்

நேற்று செங் வட்டாரத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்த மகள் ஒரு கேபிளை மேசைமேல் வீசினாள். "ரெண்டு மிஷினும் ஒரே ஸ்பீடுல இல்லப்பா, வர்றதெல்லாம் குப்பை. சூப்பர்வைசருக்கு இதுகூடத் தெரியலைலா!" என்றாள். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. அவள்மேல் அல்ல. உன் நினைவு வந்துவிட்டது.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் மலாக்கா டவுனில் ஓர் ஆபீசில் நாம் இருவரும் தந்திச் செய்தியை அச்சடிக்கும் டெலிபிரிண்டர் ஓட்டினோம். "ரெண்டு மிஷினுக்கும் பொதுவா ஒரு கடிகாரம் கிடையாதுடா" என்பாய். எழுத்து வருமுன் கம்பியில் ஒரு தொடக்க மின்துடிப்பு வரும். இந்தப் பக்கத்து மிஷின் விழித்துக்கொண்டு, தன் மோட்டார் வேகத்திலேயே ஐந்து துடிப்புகளை எண்ணும். பிறகு ஒரு நிறுத்தம். அடுத்த எழுத்துக்கு மறுபடி முதலிலிருந்து. சின்ன வேக வித்தியாசத்தை அது தாங்கும். மிஞ்சினால் எண்ணிக்கை பிசகி வேறு எழுத்து விழும்.

இது நம் தலைமைக் குமாஸ்தா, அந்தப் பெரிய கிராணியின் மண்டையில் ஏறவே இல்லை. பாழாய்ப்போனவன்! இங்கே மோட்டாரை முடுக்கினால் செய்தி சீக்கிரம் வந்துவிடும் என்று நம்பினான்.

லீவில் அம்மாவைப் பார்க்க மெர்லிமாவ் எஸ்டேட்டுக்குப் போன நீயும் ஊரடங்கில் உள்ளே மாட்டிக்கொண்டாய். உன் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் லாரி எஸ்டேட் கேட்டைத் தாண்ட கோலாலம்பூர் உத்தரவு வேண்டும். அதற்காகத்தான் நான் மிஷின்முன் காத்திருந்தேன். கிராணி வந்தான்.

"சீக்கிரம் வரட்டும்லா" என்று வேகத் திருகைத் திருகினான்.

உத்தரவு வந்தது. ஒரு சொல்கூடத் தேறவில்லை. மறுபடி அனுப்பச் சொன்னேன், மறுபடியும் அதே குப்பை. "லைன்தான் கெட்டுப்போச்சு" என்றான் அந்த மடையன். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் சாப்பிடப் போன பிறகுதான் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். உத்தரவு ஒழுங்காக அச்சானது. அதற்குள் உன் அம்மா கேட்டருகே லாரியிலேயே போய்விட்டார்.

லைன் கோளாறு என்று கிராணி எழுதிய தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். காரியம் முடிந்து நீ வந்தாய். நடந்ததைச் சொன்னேன். நீ கிராணியை ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னைப் பார்த்து, "நீ எங்கடா இருந்த?" என்று மட்டும் கேட்டாய். அதன்பிறகு சாகும்வரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஓர் அறை விட்டிருக்கலாமேடா! அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மிஷின் பக்கத்திலேயேதான் இருந்தேன். வேலை போய்விடுமென்று பயந்து, பார்த்துக்கொண்டே இருந்தேன்.