சனி, ஞாயிறு ஐந்து மணி வரை

மார்ச் 4, திங்கள்

முதியோர் எழுத்து வகுப்பில் சேர்ந்து நாலு மாதமாகிறது. இன்று ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். தினமும் எழுத வேண்டுமாம். இது என் முதல் வரி. இதற்குள் டீ ஆறிவிட்டது.

மார்ச் 6, புதன்

டீச்சருக்கு என் மகள் வயது இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். "நன்றி சொல்ற மாதிரி தினமும் ஒண்ணு எழுதுங்க. கிடைக்கலன்னா யாரையாவது திட்டியாவது எழுதுங்க. கை ஓடணும், அவ்வளவுதான்" என்றார். பக்கத்தில் இருந்த தையற்காரர், "திட்டுறதுன்னா இந்த நோட்டு பத்தாதும்மா" என்றார்.

நான் நன்றியையே எழுதப்போகிறேன். எனக்கு நிறைய இருக்கிறது.

மார்ச் 7, வியாழன்

நாற்பது வருடம் வீடு மாற்றும் லாரியில் சுமை தூக்கினேன். பீரோ, கட்டில், தையல் மெஷின், எல்லாம் இந்தத் தோளில் மாடி ஏறியிருக்கின்றன. எல்லாவற்றிலும் கனம் புத்தகப் பெட்டிதான். உள்ளே அப்படி என்ன இருக்கிறது என்று நினைப்பேன். இப்போது தெரிகிறது. ஒரு பக்கம் எழுதினாலே தோள் வலிக்கிறது.

எண்கள் மட்டும் எனக்கு முன்பே தெரியும். எண் தெரியாமல் எந்த மாடிக்கு ஏறுவது?

வகுப்புக்குப் போவது வீட்டுக்காரிக்குத் தெரியும். மகனுக்குத் தெரியாது, அந்த நேரம் பள்ளியில் இருப்பான். ஏப்ரலில் அவனுக்குப் பதினேழு முடிகிறது. அன்று காலை பேப்பரை எடுத்து அவன் முன்னால் வாசிக்கப்போகிறேன். அவன் முகம் எப்படி மாறும் என்று யோசித்துக்கொண்டே தூங்குகிறேன். கிழவனுக்கு வந்த ஆசையைப் பார்.

மார்ச் 9, சனி

இன்று எழுத நிறைய இருக்கிறது. மெதுவாக எழுதுகிறேன்.

சனிக்கிழமைகளில் வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரி சலவையில் இரவு வரை வேலை. அதனால் மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதிருந்தே சனிக்கிழமை எங்கள் இருவருக்கும்தான். முடிவெட்டும் கடை, டீக்கடை, பிறகு பஸ் பிடித்து ஏரிப் பூங்கா. ஏழு வயதில் அவன் எழுத்துக்கூட்டத் தொடங்கியதிலிருந்து எனக்குக் கண் அவன்தான். பஸ் பலகை, மருந்துச் சீட்டு, சுவரில் ஒட்டியது, எல்லாம் அவன் வாய் வழியாகத்தான் எனக்கு வரும்.

இன்று டீக்கடையில் புது ஆள். "தாத்தாவுக்கு சக்கரை போடலாமா தம்பி?" என்று அவனிடம் கேட்டார். முன்பெல்லாம் "எங்கப்பா" என்று வெடுக்கென்று திருத்துவான். இன்று "கம்மியா போடுங்க" என்றான். தப்பில்லை. கல்யாணமாகிப் பதினாலு வருடம் கழித்துப் பிறந்தவன், பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

பூங்காவில் அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் காலில் செருப்பு சிறியதாகிவிட்டது, குதிகால் வெளியே நிற்கிறது. ஐந்து மணிக்கு, "மூடிடுவாங்கப்பா, வா" என்று எழுந்தான்.

போன வருடம் வாசலில் புதுப் பலகை வைத்ததிலிருந்து இப்படித்தான். அதில் 5, 8 என்று இரண்டு எண் இருப்பது எனக்கே தெரியும். எட்டு வேலை நாளுக்கு, ஐந்து சனி ஞாயிறுக்கு என்று மகன் அன்றே படித்துச் சொன்னான். ஜனங்கள் வருகிற நாளில் சீக்கிரம் மூடுகிறார்களே, இவர்கள் புத்தியை என்ன சொல்வது? நாங்கள் வெளியே வரும்போது எதிரே ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருப்பார்கள். ஒரு தடவை கேட்டேன்.

"அவங்கெல்லாம் வருஷ அட்டை வாங்கினவங்கப்பா."

"நாமளும் வாங்கிடலாமா?"

"அதெல்லாம் பெரிய ஆளுங்களுக்கு."

என்னைப் பஸ் ஏற்றிவிட்டு நண்பன் வீட்டுக்குப் படிக்கப் போனான். பூங்கா மூடும்வரை கிழவனோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை இந்தக் காலத்தில் எத்தனை வீட்டில் இருக்கிறது? இன்றைய நன்றி இது.

மார்ச் 13, புதன்

பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளைப் படிக்கிறேன். இருபது வருடம் நடந்த தெருவில் பல் டாக்டர் இருக்கிறார் என்று இன்றுதான் தெரிந்தது. பல்லெல்லாம் போன பிறகு.

மார்ச் 16, சனி

டீக்கடை விலைப் பலகையை நானே மனதுக்குள் படித்துவிட்டேன். ஆனாலும், "என்னடா போட்டிருக்கு?" என்று கேட்டேன். அவன் படித்துச் சொல்வதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். பிறந்த நாள் வரை வாயைக் கட்ட வேண்டும்.

மார்ச் 23, சனி

மகன் தண்ணீர் வாங்கப் போனான். பூங்கா வாசலில் நின்றேன். சும்மா நிற்பதற்குப் பலகையைப் படிக்கலாம் என்று தோன்றியது.

திங்கள் முதல் வெள்ளி வரை. அதற்கு நேரே 5.

சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்கள். அதற்கு நேரே 8.

என் படிப்பில்தான் கோளாறு என்று நினைத்தேன். மறுபடி படித்தேன். விரலை வைத்துப் படித்தேன். சனி என்ற சொல் எனக்கு நன்றாகத் தெரியும், நான் முதலில் கற்ற சொற்களில் அதுவும் ஒன்று.

அவன் தண்ணீர் பாட்டிலோடு வந்தான். மூடியைத் திறந்து கொடுத்தான். ஐந்து மணிக்கு, "மூடிடுவாங்கப்பா" என்றான். சரி என்று எழுந்தேன்.

எதுக்குடா? எங்கிட்ட எதுக்குடா பொய்? போகணும்னா போறேன்னு சொல்ல வேண்டியதுதானே, நான் என்ன புடிச்சா கட்டி வெச்சிருக்கேன்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான், நானும் ஒரு வருடமாக அந்தச் சோற்றைத் தின்றிருக்கிறேன்.

மார்ச் 26, செவ்வாய்

தனியாகப் போனேன். ஒருவேளை பலகை பழையதாக இருக்கலாம், நேரத்தை மாற்றிவிட்டு எழுத்தை மாற்றாமல் விட்டிருக்கலாம். அப்படி இருக்க வேண்டும் என்று பஸ்ஸில் வேண்டிக்கொண்டே போனேன்.

காவல்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "சனிக்கிழமையா? எட்டு மணிக்குத்தான் விசில் ஊதுவோம் பெரியவரே. நீங்கதான் அஞ்சடிச்சா கிளம்பிடுறீங்க. வீட்டுல அம்மா ரொம்பக் கண்டிப்பு போலன்னு நாங்க பேசிக்குவோம்."

"ஆமா, ரொம்பக் கண்டிப்பு" என்றேன். பாவம், அவள் தலையில் போட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 30, சனி

இன்று செய்ததை எழுதவா வேண்டாமா என்று நோட்டைத் திறந்து மூடினேன்.

ஐந்து மணிக்கு மகன் என்னைப் பஸ் ஏற்றிவிட்டான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். முழங்கால் வலித்தது. அவன் நண்பன் வீடு எந்தப் பக்கம் என்று பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு தூரம் தேட வேண்டியிருக்கவில்லை. பூங்காவின் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், படகுத் துறையில் நின்றுகொண்டிருந்தான். கூட நாலைந்து பையன்கள். யாரோ ஒருவன் துடுப்பைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துப் படகைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தான். என் மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அந்தச் சிரிப்பு என்னிடம் வந்து ரொம்ப நாளாகிறது. பிள்ளை அமைதியான சுபாவம் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். அமைதியெல்லாம் இல்லை. எனக்குத்தான் அமைதி.

அவன் திரும்பிவிடுவானோ என்று மரத்துக்குப் பின்னால் போனேன். பெற்ற மகனைத் திருடன்போல ஒளிந்து பார்த்தேன். விளக்குகள் எரியத் தொடங்கின. ஏரியில் அந்த வெளிச்சம் எப்படி இருக்கும் என்று எனக்கு இந்த ஒரு வருடமாகத் தெரியாது. நன்றாகத்தான் இருந்தது.

படிக்காமலே இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 1, திங்கள்

வகுப்புக்குப் போகவில்லை.

ஏப்ரல் 3, புதன்

போனேன். டீச்சர் நோட்டைக் கேட்டார். வீட்டில் வைத்துவிட்டேன் என்றேன். பைக்குள்தான் இருந்தது. பொய் சொல்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை.

ஏப்ரல் 6, சனி

கெடுத்துவிட்டேன்.

"வாப்பா, விசில் ஊதுறதுக்குள்ள போயிடலாம்" என்றான், ஐந்து மணிக்கு, வாசலில். நான் பலகைக்கு முன்னால் நின்றேன். விரலை வைத்துச் சத்தமாகப் படித்தேன். சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்கள், இரவு எட்டு வரை. ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. வகுப்பில்கூட இப்படிப் படித்ததில்லை.

ஒன்றை எழுதத்தான் வேண்டும். அவன் முகம் முதலில் மலர்ந்தது. "அப்பா" என்று என் கையைப் பிடித்தான். நான் அவன் பிறந்த நாளுக்கென்று வைத்திருந்த முகம் அதுதான், இமைக்கும் நேரம் இருந்தது. பிறகுதான் நான் என்ன படித்தேன் என்பது அவனுக்கு உறைத்தது. கையை விட்டுவிட்டான்.

"எப்ப கத்துக்கிட்ட?"

"அஞ்சு மாசமாச்சு."

"அஞ்சு மாசமா? போன மாசம்கூட டீக்கடையில என்னப் படிக்கச் சொன்னியே. நான் எங்க தப்பாப் படிக்கிறேன்னு பாத்துட்டு இருந்தியா? ஒளிஞ்சிருந்து பாத்திருக்க."

மரத்துக்குப் பின்னால் நின்றதை யாராவது சொல்லிவிட்டார்களோ என்று நினைத்தேன். அவன் சொன்னது அதை அல்ல.

"நீ மட்டும் என்ன? வருஷ அட்டையாம், பெரிய ஆளுங்களாம்" என்றேன்.

"பூங்கா மூடுற வரைக்கும் அப்பாகூட இருன்னு அம்மா சொல்லிட்டாங்க. மூடலன்னா நான் எப்பதான் போறது?" ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏழு வயசுல இருந்து படிச்சுக் காட்டுறேன். எல்லாப் பசங்களும் விளையாடும்போது நான் உன்கூட கரண்ட் ஆபீஸ்ல நின்னேன். ஆஸ்பத்திரியில உன் எக்ஸ்ரே சீட்டைப் படிச்சு, உனக்கு என்னன்னு நான்தான் உன்கிட்ட சொன்னேன், பத்து வயசுல. ஒரு நாளாவது தேங்க்ஸ்னு சொல்லியிருக்கியா?"

சொன்னதில்லை. இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன், வாயால் சொன்னதில்லை. ஊட்டுகிற கைக்கு வாய் நன்றி சொல்லுமா என்று இருந்துவிட்டேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "பஸ் பாத்து ஏற எனக்குத் தெரியும், நீ போ" என்றுதான் வெளியே வந்தது.

போய்விட்டான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

அவளிடம் சொன்னேன். அவனும் சொல்லியிருக்கிறான் போல. தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள்: "ரெண்டும் ஒரே மரத்துல வெட்டின கட்டைங்க. அவன் மூடாத கேட்டை மூடிட்டான், நீங்க தெறந்த கண்ணை மூடிக்கிட்டீங்க. நடுவுல என்னை வேற ராட்சசி ஆக்கியாச்சு. இனிமே சனிக்கிழமைக்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன். இஷ்டப்பட்டவங்க போங்க."

அப்படியானால் இத்தனை நாளும் அனுப்பித்தான் வந்தான். அவன் சொன்னபோது கோபத்தில் சொல்கிறான் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

சட்டைக்கு இஸ்திரி போட்டேன். இரண்டு சட்டைக்கும்.

ஏப்ரல் 13, சனி

மழை இல்லை. போகவில்லை.

ஏப்ரல் 17, புதன்

மகனுக்குப் பதினேழு. செருப்பு வாங்கிக் கொடுத்தேன். அளவு சரியாக இருந்தது. "தேங்க்ஸ்ப்பா" என்றான், கடைக்காரரிடம் மிச்சச் சில்லறை வாங்கும்போது சொல்வானே, அந்தக் குரலில். பேப்பர் மேஜைமேல் கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

அவன் அறைக்குப் போன பிறகு, "உனக்குத்தான்டா நான் நன்றி சொல்லணும்" என்று சொல்லிப் பார்த்தேன். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், "என்னங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஏப்ரல் 20, சனி

பூங்காவுக்குத் தனியாகப் போகப் பிடிக்கவில்லை. வீட்டில் இருந்தேன். அவன் பதினொரு மணிக்கு எழுந்தான், நாலு மணிக்கு வெளியே போனான். போகும்போது "போய்ட்டு வரேன்" என்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை. இனி அவன் எனக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அதுவும் போயிற்று.

ஏப்ரல் 27, சனி

நிறுத்தத்தில் நின்று வந்த பஸ்களின் பலகைகளையெல்லாம் படித்தேன். இதுவரை போகாத பெயர் ஒன்று வந்தது. ஏறினேன்.

கடைசி நிறுத்தம் வரை போனது. நான் மட்டும் இறங்கினேன். ஒரு சிமெண்ட் கிடங்கு, பூட்டிய தொழிற்சாலை, ஒரு கடை. கடைக்காரர் கல்லாமேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பார்க்க ஒன்றும் இல்லாத இடம். தொழிற்சாலைச் சுவரில் எழுதியிருந்ததை எல்லாம் படித்தேன். ஏதோ ஒரு சங்கத்தின் கோரிக்கைகள், ரொம்பப் பழையவை, பாதிக்குமேல் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது.

போன் அடித்தது. மகன்.

"எங்கப்பா இருக்க? அம்மா கேக்கச் சொன்னாங்க."

நிறுத்தத்துப் பலகையைப் பார்த்து ஊர்ப் பெயரைப் படித்துச் சொன்னேன். நீளமான பெயர். நடுவில் தடுக்கியது, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அவன் எடுத்துக்கொடுக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தான். பின்னால் பையன்களின் சத்தம் கேட்டது.

"அவ்ளோ தூரமா? சரி. திரும்பி வர பஸ் எப்பன்னு அங்கயே போட்டிருக்கும். படிச்சுப் பாரு."

"பாக்குறேன்."

"வெச்சிடவா?"

"வெச்சிடு."

படித்துப் பார்த்தேன். ஆறு இருபதுக்கு ஒன்று இருந்தது. அதற்கு முந்தியது எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. கிளப்பிய ஓட்டுநர், வருகிறீர்களா என்பதுபோல் பார்த்தார். இல்லை என்று கை காட்டினேன்.