வெள்ளிக்கிழமை லாரி ஓடாது

வேலூர்
29.4.2025

அன்புள்ள தமிழினிக்கு,

உன் போனைப் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டதால் கடிதம் எழுதுகிறேன். காலேஜ் முடித்த பிறகு யாருக்கும் எழுதியதில்லை. என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நீ நெமிலியில் பெரியம்மா வீட்டில் இருப்பதாக நம் முகாம் மெர்சி சொன்னாள். அங்கேயே இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோகிற ஆள் நீ.

ஆம்பூர்ப் பக்கம் எல்லா ஊரிலும் கோடை முகாமை நிறுத்திவிட்டோம். பிள்ளைகள் செய்த பறவை முகமூடிகள் ஆபீசில் மூட்டையாகக் கிடக்கின்றன. அந்த அறைக்குள் என்னால் போக முடியவில்லை. பூவரசனின் அடக்கத்துக்கு வந்திருக்க வேண்டும். டிரஸ்ட் வக்கீல் வேண்டாம் என்றார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை, தமிழினி.

பதினான்காம் தேதி ஆம்பூர் தாலுகா ஆபீசில் ஆர்.டி.ஓ. விசாரணை. அதுவரை யாரிடமும் எதுவும் பேசாதே. அவன் வீட்டுப் பக்கமும் போகாதே. இது விபத்து, யார் மேலும் தப்பில்லை. உன்னை நான் விட்டுவிடுவேனா?

கர்த்தர் உன் மனதைத் தேற்றட்டும்.

உன் அக்கா,
ஹெலன்


நெமிலி
3.5.2025

அன்புள்ள ஹெலன் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சாப்பிடுகிறேன். தலைக்கு எத்தனை முறை குளித்தாலும் அந்த நாற்றம்தான் போகவில்லை. "அது முடியில இல்லடி, உன் மூக்குல இருக்குது" என்கிறார் பெரியம்மா.

நடந்ததைப் போலீஸ் கேட்டார்கள். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஏரிக்கரையில் பிள்ளைகளைப் பறவை பார்க்க உட்கார வைத்தேன். பக்கத்தில் தோல் பதனிடும் டேனரியின் பின்சுவர் போன மழையில் இடிந்தது, இன்னும் கட்டவில்லை. அதை ஒட்டிக் கழிவு கொட்டும் பள்ளம். மேலே காய்ந்துபோய் வெறும் தரையாகத்தான் தெரிந்தது. அதன்மேல் ஒரு கொக்கு வந்து நின்றது. "கொக்குக்குக் காலில் எத்தனை விரல்? பார்த்துச் சொல்லுங்கள்" என்று நான்தான் கேட்டேன். ஒரு குழந்தைக்குச் செருப்பு அறுந்துவிட்டது. குனிந்து ஊக்கு மாட்டிக்கொண்டிருந்தேன். பூவரசன் விரல் எண்ணப் போயிருக்கிறான். கொக்கு நிற்கிற இடத்தில் தானும் நிற்கலாம் என்று நினைத்திருப்பான்.

இடுப்பளவு இறங்கினேன், அக்கா. சட்டைக் காலர்தான் கையில் கிடைத்தது. மற்ற நாளாக இருந்தால் டேனரி ஆட்கள் பிள்ளைகளைக் கிட்டே வரவே விட்டிருக்க மாட்டார்கள். கத்தினதும் கயிறோ கொம்போ தூக்கிக்கொண்டு ஓடி வந்திருப்பார்கள். அன்று வெள்ளிக்கிழமை. தொழுகை நாள், எல்லா டேனரிக்கும் லீவு. கேட் பூட்டியிருந்தது.

கோபியோடும் மெர்சியோடும் வியாழக்கிழமை போவதாகத்தானே திட்டம் போட்டிருந்தேன். நீங்கள்தான் போனில், "வெள்ளிக்கிழம கூட்டிட்டுப் போ, தோல் லாரி ஓடாது, ரோட்ல பயமில்ல, நீ ஒரு ஆள் போதும்" என்று சொல்லி அவர்கள் இரண்டு பேரையும் வாணியம்பாடி முகாமுக்கு அனுப்பினீர்கள். அப்போது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இந்தப் பக்கத்து ஆட்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டது நாம் இரண்டு பேர்தான். சேர்ந்துதான் முடிவு செய்தோம் என்று விசாரணையில் சொல்லுங்கள். அது போதும் எனக்கு.

உங்கள்
தமிழினி


வேலூர்
7.5.2025

என் அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ பள்ளத்தில் இறங்கியது எனக்குத் தெரியாது. உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் உன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அந்த போன் விஷயம். அன்று எல்லா ஊர் முகாமுக்கும் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது எனக்கு. லாரியைப் பற்றிப் பொதுவாக ஏதாவது சொல்லியிருப்பேன். கிழமையை மாற்று என்று சொன்னேனா? சத்தியமாகச் சரியாக நினைவில்லை.

கோபப்படாமல் படி. ஒருங்கிணைப்பாளர் என்று என் பெயர் அடிபட்டால் டிரஸ்ட் பெயர் அடிபடும். அடுத்த வருஷம் ஒரு பள்ளிக்கூடமும் நமக்குப் பிள்ளைகளைத் தராது. அப்பா அம்மா ஷூ கம்பெனிக்குப் போனபின் இந்த வெயிலில் அதுகள் எங்கே போகும், நீயே சொல். கூட்டிப்போன தன்னார்வலர் அவசரப்பட்டு முடிவெடுத்துவிட்டார் என்றால் கண்டித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொல்கிறார். உனக்குச் சின்ன வயசு. என் மகள் இந்த வருஷம்தான் காலேஜில் சேரப் போகிறாள். ராணிப்பேட்டையில் உனக்கு நல்ல வேலை பார்த்துத் தருவது என் பொறுப்பு.

என்னை நம்பு, கண்ணு.

ஹெலன் அக்கா


நெமிலி
10.5.2025

ஹெலன் அக்காவுக்கு,

நீங்கள் போகாதே என்ற வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன்.

பூவரசனின் அம்மா சம்பூர்ணம் அக்கா ஷூ கம்பெனிக்குப் போகத் தொடங்கிவிட்டார். ஷிஃப்ட் முடிந்து வரும்வரை வாசலில் நின்றேன். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். பிறகு ஒன்று கேட்டார். "வெள்ளிக்கிழம அங்க ஈ காக்கா இருக்காதே டீச்சர். இன்னாத்துக்கு அன்னிக்கு இட்டுனு போனீங்க?"

லாரிக்குப் பயந்துதான் என்றேன். கொக்கின் விரல் எண்ணச் சொன்னதையும் சொன்னேன். நான் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார். "எம் புள்ள சொல்பேச்சு கேக்காத ஓடிப்போய் செத்தான்னு தெருவுல பேசறாங்க. டீச்சர் சொன்னதத்தான் செஞ்சான்னு அங்க சொல்லுங்க. கேசு கீசு எனக்கு வேணாம்."

சொல்கிறேன் என்றேன். எங்கள் ஹெலன் அக்காவும் வருவார், நாள் மாறியது எப்படி என்று அவரே சொல்வார் என்றும் வாக்குக் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் கொடுத்தது தப்புதான். கொடுத்தாகிவிட்டது. வேலை எதுவும் எனக்கு வேண்டாம். பதினான்காம் தேதி வந்து உண்மையைச் சொல்லுங்கள்.

தமிழினி


வேலூர்
15.5.2025

அன்புள்ள தமிழினிக்கு,

நேற்று தாலுகா ஆபீஸ் வாசலில் உன்னைக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாய். இந்தப் பிடிவாதம் உன்னோடு பிறந்தது.

வக்கீல் சொல்லிக்கொடுத்ததைத்தான் அங்கே சொன்னேன். ஒரு வார்த்தைகூட என் சொந்த வார்த்தை இல்லை. டேனரிக்காரர்கள் சுவர் கட்டாததைப் பற்றி யாராவது வாயைத் திறந்தார்களா? பெரிய இடத்தை விட்டுவிட்டு நம்மை மாதிரி ஆட்களைத்தான் பிடிப்பார்கள். நாம் பிழைக்க வேண்டாமா? எல்லாம் ஆறட்டும், ஒருநாள் நேரில் உட்கார்ந்து பேசலாம். இரண்டு வரியாவது எழுது. நீ பேசாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன் அக்காதான் எப்போதும்,
ஹெலன்


நெமிலி
19.5.2025

திருமதி ஹெலன் அவர்களுக்கு,

எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைக்கு மாற்றியது தமிழினிதான் என்று நீங்கள் விசாரணையில் சொன்னபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. அதைச் சொல்வீர்கள் என்று தெரிந்துதான் வந்திருந்தேன். கேஸ் என் பேரில் வந்தால் வரட்டும். நான்தான் கூட்டிப்போனேன், நான்தான் குனிந்திருந்தேன்.

சம்பூர்ணம் அக்கா என் கையைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "அந்தப் பையன் முகாமில் யாருக்கும் அடங்கமாட்டான், தமிழினியே என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள்" என்றீர்கள். அவர் கையை உதறவில்லை. மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் எழுந்து பொய் என்றேன். கேட்டால் மட்டும் பேசு என்று உட்கார வைத்துவிட்டார்கள். என் முறை வந்தபோது விரல் எண்ணச் சொன்னதைச் சொன்னேன். செத்த பிள்ளையின் தப்பை நான் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் பின்னாலேயே போனேன். நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவனைப்போல அமைதியான பிள்ளை முகாமில் இல்லை என்றேன்.

"சர்தான் டீச்சர்" என்றார். "யார் சொன்னா இன்னா. எழுதிக்கினாங்க இல்ல."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். இனி எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

ம. தமிழினி