பினாங்கிலிருந்து வந்த துளைப் பெட்டி

தென்காசி,
11-7-1936

அன்புள்ள அத்தானுக்கு, தங்கபுஷ்பம் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். நீங்களும் சுகமாயிருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அடுக்களைக்குப் போய், இரவு ஊறப்போட்டிருந்த சோயா மொச்சையைப் பிசைந்து தோல் களைந்தேன். ஜெபம்கூட அதற்குப் பிறகுதான். பினாங்கிலிருந்து நீங்கள் கொடுத்துவிட்டு யாக்கூப் அண்ணாச்சி கப்பலில் சுமந்து வந்த மொச்சையில் பாதி தீர்ந்துவிட்டது. போன இரண்டு சனிக்கிழமையும் தோற்றுப்போன எனக்கு, தௌஹூ என்கிற அந்தச் சீனத்து மொச்சைக்கட்டியை இன்று எப்படியும் செய்துவிட வேண்டும் என்று வீம்பு வந்துவிட்டது.

மொச்சையை அரைத்து, பால் பிழிந்து, காய்ச்சி, எலுமிச்சைச் சாறு விட்டுத் திரியவைத்து, கூட அனுப்பிய துளைப் பெட்டியில் துணி விரித்து ஊற்றிப் பாரம் வைத்தால் கட்டியாகிவிடும், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தீர்கள். ஆட்டுரலில் உட்கார்ந்து அரைக்காதவருக்கு அந்த ‘அவ்வளவுதான்’ எளிதாக வந்துவிடுகிறது.

இரண்டு முறையும் சாறு விட்டால் பால் பொங்கி நுரைத்ததே தவிரத் திரியவில்லை. வடகரையிலிருந்து குற்றாலச் சாரலுக்கு வந்திருக்கும் உங்கள் அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். “ஒத்தை வேலைக்குன்னு ஒரு பெட்டியா? அடியெல்லாம் ஓட்டை. உளுந்து போட்டு வைக்கவும் ஆகாது. தம்பிக்குப் பினாங்குல வேற சாமானே கெடைக்கலையாக்கும்?” என்றார்கள். மதினிக்குத் தெரியும்படி, அதேபோல் ஓட்டை போட்ட இடியாப்ப உரல் தொங்கும் ஆணியைப் பார்த்தேன். “அது வேற, இது வேற!” என்றார்கள்.

நுரை ஏன் வந்தது என்று யோசித்திருக்க வேண்டும். புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் நுரைக்கும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். இன்று பால் காய்ந்துகொண்டிருந்தபோது, அடுக்களையில் ஒத்தாசைக்கு நிற்கும் முப்பிடாதியம்மாள் முந்தானையிலிருந்து எதையோ எடுத்துப் பானையில் போடப் போனதைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆப்பச்சோடா! வெயில் காலத்தில் பால் கெடாமலிருக்க ஒரு சிட்டிகை போடுவாளே, அதேதான்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “கடலுக்கு அந்தப் பக்கம் ஐயா இருக்காவ. அவுக வீட்டு அடுப்புலயே வேணும்னு பாலைத் திரிய வைக்கலாமாம்மா? கப்பல் ஏறி வாற மனுசருக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? எனக்கு மனசு கேக்கல” என்றாள். இது பால் இல்லை, மொச்சைத் தண்ணீர் என்றேன். “வெள்ளையா இருக்கு, அடுப்புல பொங்குது, பொறவு பால் இல்லாம என்னவாம்?” என்று கேட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில், என் வீட்டில் ஒருத்தி உங்கள் கப்பலுக்குக் காவல் இருந்திருக்கிறாள்.

கடைசியில் சமாதானம் ஆனோம். திரியும் நேரத்தில் அவள் கிணற்றடிக்குப் போய்விடுவது, கட்டியான பிறகு கூப்பிடுவது. “கட்டியாயிட்டா அது தயிருக்குச் சொந்தம், தோசமில்ல” என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனாள். சாறு விட்டேன். மேகம் கலைவதுபோல் பால் பிரிந்து, கீழே மஞ்சள் தண்ணீர் தெளிந்தது.

பாதியைப் பெட்டியில் ஊற்றினேன். மதினியின் வாதத்தையும் சோதித்துவிடலாம் என்று மீதியைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து அம்மிக்குழவியின் அடியில் வைத்தேன். பெட்டியில் வந்தது சோப்புக்கட்டிபோல் மழமழவென்று சதுரம். துணியில் வந்தது கோணலும் மாணலுமாக ஒரு உருண்டை. ருசியில் ஒரு வித்தியாசமும் இல்லை. “நான் அப்பமே சொன்னம்லா!” என்று மதினிக்கு ஒரே வெற்றி.

அவர்கள் சொன்னது சரிதான். பெட்டி இல்லாமலும் முடியும். ஆனாலும் நான் ஒன்று நினைத்தேன். நம் மகள் எஸ்தர் இருந்தவரை இந்த வீட்டில் புட்டுக்குழல் அடுப்பைவிட்டு இறங்கியதில்லை. போன வருஷம் அவளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அது அலமாரிக்குப் போனது. அதற்கும் ஒரே வேலைதான். அப்போது அதை வீண் என்று யாரும் சொல்லவில்லை. சாமானின் மதிப்பு அதைக் கேட்டுச் சாப்பிட ஆள் இருப்பதில்தான் இருக்கிறது என்று படுகிறது.

தேங்காயெண்ணெயில் பொரித்து, மிளகும் உப்பும் தூவி, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் மத்தியானம் குற்றாலம் போனோம். நல்ல சாரல். பெண்கள் பக்கம் கூட்டம் குறைவு. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு வண்டியில் உட்கார்ந்து தின்றோம். முப்பிடாதி, “வாயில போட்டா ஒண்ணுமே தெரியல. ஆனா கை நிக்க மாட்டேங்கே” என்றாள். அதிகம் தின்றது உங்கள் அக்காதான். நான் சொன்னதாக எழுதிவிடாதீர்கள்.

இனி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கம்பெனியில் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா, ஊருக்கு வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு முன்பு கேட்டபோதெல்லாம் ‘உங்கள் இஷ்டம்’ என்று எழுதினேன். அப்போது எஸ்தரின் படிப்பு இருந்தது, என் பள்ளிக்கூடத்தை விடவும் மனமில்லை. இந்த முறை அப்படி எழுத மனம் வரவில்லை.

யாக்கூப் அண்ணாச்சி பெட்டியைக் கொடுக்கும்போது உங்களைப் பற்றி ஒன்று சொன்னார். “அண்ணாச்சிக்கு ஒரு குறையும் இல்ல டீச்சரம்மா. சாயங்காலம் ஆனா சீனக் கிழவிகிட்ட தௌஹூ வாங்கி, அவியளே பொரிப்பாவ. பொரிச்சு வச்சுக்கிட்டு, திங்கதுக்கு ஆள் தேடி என் கடைக்குச் சொல்லி விடுவாவ. நான் போகாட்டா, அடுத்தவன். அவனும் இல்லைன்னா மூடி வச்சுட்டுப் படுத்துருவாவ” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகுதான் சிரிப்பு நின்றது. போன விடுப்பில் நீங்கள் இங்கே இருந்தபோது கிளம்பும் நாளையே எண்ணிக்கொண்டிருந்தீர்கள். என்மேல் குறை இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் வேலையும் பழக்கமும் அங்கேதான் இருக்கின்றன.

அருவியில் நின்றபோது முடிவு செய்தேன். கையெழுத்துப் போடுங்கள். ஆனால் இரண்டு பேர் இருக்கும்படியான வீடு கேளுங்கள். கிறிஸ்மஸ் விடுமுறைக்குப் பிறகு நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போவதில்லை. தை மாதம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுகிறேன். முப்பிடாதியம்மாள் வீட்டைப் பார்த்துக்கொள்வாள். இதை மதினிக்கோ எஸ்தருக்கோ பள்ளிக்கூடத்திலோ இன்னும் சொல்லவில்லை. பக்கத்து அறையில் மதினி, யாருக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாய் என்று கேட்கிறார்கள்.

நான் வருவது உங்களுக்குத் தொந்தரவு என்றால் ஒளிக்காமல் எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன். ‘உன் இஷ்டம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நான் வந்து சேரும்வரை நலமாயிருக்க ஆண்டவர் உங்களைக் காப்பாராக.

உங்கள் அன்புள்ள,
தங்கபுஷ்பம்