கௌரியின் முதல் முடி

மொன்றியல், கனடா
15 மார்ச் 1987

அன்புள்ள புஷ்பவதிக்கு,

நான் சுகம். திருகோணமலையில் நீரும் பிள்ளையும் சுகமாக இருக்க வெருகல் முருகனை வேண்டுகிறேன். உமது கடிதம் போன கிழமை வந்தது. கௌரியின் தலையெல்லாம் வேர்க்குரு, முடி சிக்குப் பிடித்துச் சீப்பு இறங்குவதில்லை என்று எழுதியிருந்தீர். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவோடு இறக்க வேண்டிய முடி. நான் வந்து என் மடியில் இருத்தி வெருகலில் இறக்கலாம் என்று நிறுத்தச் சொன்னவன் நான்தான். எப்ப வாறியள் என்று கேட்டிருந்தீர். அதற்கு முன் என் வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

இப்போது இல்-பிசார் என்ற தீவில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் இருக்கிறேன். ரொக்ஸ்பரோ வரை ரயில், பிறகு பஸ், பிறகு பனியில் நடை. வழியில் ஒரு மனிதரைக் காண்பது அரிது. பகல் முழுக்க நான் தமிழ் கதைப்பது ஆடுகளோடுதான். அவை பிரெஞ்சு ஆடுகள், திரும்பியும் பார்ப்பதில்லை.

இனத்தால் காஷ்மீர் ஆடுகள். சால்வை நெய்கிற பஞ்சுமயிர் மேல்மயிருக்கு அடியில் இருக்கும். போன கிழமை ஒரு கூத்து நடந்தது. ஒரு குட்டியின் விலாவில் உள்ளங்கை அளவு மயிர் வெட்டச் சொன்னார் ஆராய்ச்சி செய்கிற மதாம். அதற்கு மயிர் மிகவும் ஐது, தோல் தெரிந்தது. பாவம், மொட்டை அடித்தால் அடர்த்தியாய் வளருமே என்று முழுதாகச் சிரைத்துவிட்டேன். ஐயோ, மதாம் போட்ட சத்தம்! குட்டி வெடவெடவென்று நடுங்கியது. என் கோட்டுக்குள் வைத்துப் பின்னேரம் வரை நெஞ்சோடு பிடித்திருந்தேன். அப்படியே நித்திரையாகிவிட்டது. கைக்குழந்தையின் பாரம்தான் இருக்கும் போல, எனக்கு எப்படித் தெரியும்? என்னோடு அறையில் இருக்கும் மட்டக்களப்பு வின்சன்ட், "அண்ணை, ஆட்டுக்குத் துடக்குக் கழிச்சிட்டியளோ?" என்று இன்னும் சிரிக்கிறான்.

கோபம் ஆறியதும் மதாம் நுணுக்குக்காட்டியில் அதன் தோலைக் காட்டினார். மேல்மயிரின் மயிர்க்கால்கள் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுமாம். பஞ்சுமயிரின் கால்கள் பிறந்து சில மாதம் வரை முதிருமாம். அந்த நேரத்தில் பால் குறைந்தால் அவையும் குறைந்துவிடும், பிறகு எவ்வளவு தீன் போட்டாலும் ஈடாகாது. சிரைப்பதால் மயிர் ஒன்றும் கூடிவிடாது என்றார்.

கௌரியின் அந்த மாதங்களில் நான் இல்லையே. நீர் பால் குறைக்கவில்லை என்று எழுதியதை நினைத்துத்தான் ஆறுதல்பட்டேன்.

என் அகதி வழக்கு திரும்பவும் தள்ளிப் போய்விட்டது. எப்போது கூப்பிடுவார்கள் என்று லோயருக்கே தெரியாது. இங்கிருந்து வெளிக்கிட்டால் திரும்ப விடமாட்டார்கள், அங்கே வந்தால் ஆமிக்காரர் பிடித்துவிடுவார்கள். ஆகவே இனிக் காத்திருக்க வேண்டாம். பிள்ளையை உமது அண்ணனின் மடியில் இருத்தி முடியை இறக்கிவிடும். முருகன் கோபிக்கமாட்டார். நீரும் கோபிக்க வேண்டாம்.

மொட்டைத் தலையில் வெயில் படவிடாதேயும். பெட்டியில் நான் உடுத்த நீலச் சாரம் இருக்கும், அதனால் மூடிவிடும். யாருடையது என்று கேட்கிற வயது அவளுக்கு இன்னும் வரவில்லை. என்றாலும் சொல்லிவிடும்.

இருவரையும் கடவுள் காக்க.

உம்மையே நினைத்திருக்கும்,
கனகசிங்கம்