மைக்கைக் கண்டதும் வரும் தமிழ்

மார்ச் 3, திங்கள்

இரண்டு மொழி தெரிந்த மூளை ஒரே வாக்கியத்தில் இரண்டையும் எப்படிக் கலக்கிறது? இதுதான் எங்கள் ஆராய்ச்சி. கலந்தால்தானே ஆராய! பதிவுக்குப் பேச வந்த பழக்கடைக்காரர் வாசலில் நின்று போனில், "ட்ராஃபிக்ல இருக்கேன், நீ கொஞ்சம் மேனேஜ் பண்ணுடா" என்று வெளுத்துக் கட்டினார். உள்ளே வந்து மைக்கைப் பார்த்ததும், "போக்குவரத்து நெரிசலில் சிக்கிக்கொண்டேன்" என்கிறார். மேடைப் பேச்சாளர் போல; மாலை போடாத குறைதான்.

மார்ச் 5, புதன்

பதிவுகளைக் கேட்டு எழுதித் தருபவர் — காதிலிருந்து அதைக் கழற்றாததால் நான் வைத்த பெயர் ஹெட்போன் — சிரித்தார். "எல்லாரும் செய்தி வாசிக்கிறாங்க." யார் பேசினாலும் முடிக்கும்வரை காத்திருந்துதான் பேசுவார். அது பிடிக்கும் எனக்கு.

ஆராய்ச்சியை நடத்தும் மேடம் சிரிக்கவில்லை. "இந்த மாசத்துக்குள்ள நேச்சுரலா ஒரு ரெக்கார்டிங் கொண்டு வாம்மா. இல்லேன்னா உன் வேலையை எக்ஸ்டெண்ட் பண்ண நான் எதைக் காட்டுறது?"

அவர் பேசியதையே பதிவு செய்திருக்கலாம். மரமண்டை எனக்கு அப்போது தோன்றவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

போச்சு. மானம் போச்சு.

ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவோடு அரட்டை. மைக்கை அணைக்கவே இல்லை! போட்டுக் கேட்டேன். "சீரியஸா சொல்றேன்க்கா, அவரை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஹெட்போனைக் கழட்டினாதானே அந்த மனுஷன்கிட்ட ப்ரொபோஸ் பண்ண முடியும்?"

ஒரு இடத்தில்கூட நாக்கு தயங்கவில்லை. மேடம் கேட்டது அச்சு அசலாக இதுதான். கொடுத்தால் வேலை நிலைக்கும். ஆனால் கேட்டு எழுதப்போறதே அவர்தானே! அழிச்சுடவா? அழிச்சா அடுத்த மாசம் நான் எங்க போவேன்?

அக்காவைக் கேட்டேன். "தாராளமா குடுடி. நீயா வாயைத் திறக்கப் போறதில்ல."

மார்ச் 12, புதன்

கொடுத்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

மேடத்துக்கு வாயெல்லாம் பல். வேலை உறுதி. எழுதி வந்த பக்கங்களைப் பார்த்தேன். அக்காவின் இருமல்வரை இருக்கிறது. நான் மாட்டிக்கொண்ட அந்த இடத்தில் மட்டும், 'தெளிவாகக் கேட்கவில்லை' என்றிருந்தது.

அந்த அறையில் ஈ பறந்தால்கூடப் பதிவாகும். போய்க் கேட்டேன்.

"ஆமாங்க, அந்த இடம் மட்டும் சரியா கேக்கல," என்றார், திரையைப் பார்த்தபடி. காது சிவந்திருந்தது. "நீங்களே நேர்ல ஒருதடவை சொன்னீங்கன்னா எழுதிக்குவேன்."

மார்ச் 16, ஞாயிறு

சொன்னேன். ஹெட்போனைக் கழற்றிவைத்துச் சிரித்தபடி கேட்டார்; எழுதிக்கொள்ளவே இல்லை.